விருந்தாளித் தட்டு

ஒரு கடற்கரை ஊரில், பெர்க்மான்ஸ் என்ற கப்பல்காரர் வீட்டில், ஒரு பெரிய சாப்பாட்டு மேசை இருந்தது. மற்ற நாளெல்லாம் அதன் மேல் சோறும் மீன்குழம்பும்தான். டிசம்பர் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் மட்டும் உலகமே அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பெர்க்மான்ஸ் இருபது வருசம் கப்பலில் ஓடியவர். எந்தத் துறைமுகத்தில் கிறிஸ்துமஸ் வந்ததோ, அந்த ஊர்ப் பலகாரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அவர் மனைவி செலஸ்டினா அத்தனையையும் செய்வாள். கிடைக்காத சாமானுக்குப் பதில் கிடைத்ததைப் போடுவாள். அப்படியும் அது அது அதனதன் ருசிக்கு வந்துவிடும்.

அந்த வருசமும் பலகாரங்கள் மேசைக்கு வந்து சேர்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது.

“நான் துணி சுத்திக் கிடத்தின குழந்தை இயேசு மாதிரி. அதான் இவ்வளவு வெள்ளை” என்றது ஜெர்மனி ரொட்டி. அதன் உடம்பு முழுக்கச் சீனிப் பொடி.

“குழந்தையா? மாவு மூட்டைக்குள்ள விழுந்து எந்திரிச்ச ஆளு மாதிரில்லா இருக்கீரு” என்றது அச்சு முறுக்கு. உள்ளூர்க்காரி. வாய் கொஞ்சம் கூட.

வாழை இலையில் வெந்த பிலிப்பைன்ஸ் அரிசிக் கேக் சிரித்தது. “எங்க ஊர்ல விடியக்காலப் பூசை முடிஞ்சு வாறவங்களுக்குக் கோயில் வாசல்லயே நான் சூடா நிப்பேன். பசியோட வாறவங்க முகத்தைப் பாக்கணும். அது ஒரு தனி சந்தோசம்.”

சோளத்தோலுக்குள் அவிந்த மெக்சிகோ உருண்டையைக் கொழுக்கட்டை உற்றுப் பார்த்தது. “நீ எங்க சித்தி மகளா?”

“இருக்கலாம். ஆனா என்னை ஒரு ஆள் செய்ய முடியாது. பத்துப் பொம்பளைங்க சுத்தி உக்காந்து, ஊர்க்கதை பேசித்தான் செய்யணும்.”

“இங்க செலஸ்டினா ஒருத்திதான் செஞ்சா. அதான் நீ ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் வேகாம நிக்கே.”

எல்லாம் சிரித்தன. மேசையின் ஓரத்தில் இருந்த வெள்ளைத் தட்டு மட்டும் சிரிக்கவில்லை. அதில் ஒன்றும் வைக்கவில்லை. அதன் எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

“இவரைப் பாருங்க. ஒரு வேலையும் கிடையாது. வருசா வருசம் வந்து உக்காந்து மரியாதை வாங்கிட்டுப் போறாரு” என்றது முறுக்கு.

“நான் போலந்துக்காரன்” என்றது தட்டு. “அங்க இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலா வைப்பாங்க. சொல்லாம கொள்ளாம யாராவது வந்தா அவங்களுக்கு. ஒரு வருசம் கப்பல் ரிப்பேராகி, குளிருல வழி தெரியாம ஒரு கதவைத் தட்டினாரு பெர்க்மான்ஸ். யாரு என்னன்னு கேக்கல. நேரா என் முன்னால உக்கார வச்சாங்க. பீட்ரூட் சூப்பை ஊத்தினதும் அவரு பசியில அள்ளி அள்ளிக் குடிச்சாரு. பாதி என் விளிம்புல சிந்திச்சு. ஊருக்குக் கிளம்புறப்ப என்னைத் துணியில சுத்தி அவரு கையில குடுத்துட்டாங்க.”

“அதுக்கப்புறம்?”

“பதினோரு வருசமாச்சு. ஒரு பருக்கை என் மேல விழல.”

முறுக்குக்காவது ஒரு நாள் விட்டால் நமத்துப் போகும் என்ற பயம்தான் உண்டு. தட்டுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அது கெடாது. காத்துக்கொண்டே இருக்கும்.

மாடியிலிருந்து செலஸ்டினாவின் தம்பி ஜெரோம் கத்தினான். “அத்தான், முதல் நட்சத்திரம் வந்துட்டு! இனி சாப்பிட உக்காரலாம்!”

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெர்க்மான்ஸ் எழுந்து நின்று, வழக்கம்போல அந்தப் போலந்துக் கதையைச் சொன்னார். வழக்கமாகக் குரல் உடையும் இடத்தில் உடைந்தது. “தெரியாத ஆளா வாறவருதான் ஆண்டவர். இந்தத் தட்டு அவருக்கு” என்று முடித்தார்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

தட்டு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்திலிருந்த கரண்டியில் இடித்து ‘கிண்’ என்றது.

வாசலில் ஒரு லாரி டிரைவர் நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ். “நாமக்கல் வண்டிங்க. உப்பு ஏத்திட்டுப் போறப்ப டயர் போயிருச்சுங்க, இப்பத்தான் மாத்தி முடிச்சேன். கடை எல்லாம் சாத்திட்டாங்க. கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?”

“சாப்டீரா?” என்று கேட்டார் பெர்க்மான்ஸ்.

“காலையில ரெண்டு பன்னுங்க.”

“ஐயோ பாவம்” என்று செலஸ்டினா எழுந்துவிட்டாள்.

‘கூப்பிடு. கூப்பிடு’ என்று தட்டு கெஞ்சியது.

“இங்கயே உக்காரச் சொல்லுங்களேன் அத்தான்” என்றான் ஜெரோம். “ஒரு நாற்காலி சும்மாதானே கிடக்கு?”

பெர்க்மான்ஸ் நாற்காலியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நிஜமாகவே குழம்பினார்.

“சும்மா கிடக்கா? அது விருந்தாளிக்குல்லா வச்சிருக்கு! இவரை உக்கார வச்சுட்டு, பிறகு அவரு வந்தா எங்கடே உக்காருவாரு?”

“அதும் சரிதான்” என்றான் ஜெரோம்.

“தாராளமா கட்டிக் குடு செலஸ்டினா. நாலு பேர் திங்குத அளவுக்குக் கட்டு.”

செலஸ்டினாவுக்குக் கொடுக்கிற கை. வாழை இலையை விரித்து, அதன் கீழே பேப்பரைப் போட்டு, எல்லாவற்றிலும் அள்ளி அள்ளி வைத்தாள். ஜெர்மனி ரொட்டியில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வெட்டினாள். மெக்சிகோ உருண்டையில் வெந்த பக்கமாகப் பார்த்து எடுத்தாள்.

“நாங்க போறோம்” என்றது அச்சு முறுக்கு. அது சந்தோசப்படத்தான் நினைத்தது. தட்டைப் பார்த்ததும் முடியவில்லை. “நீரும் வாருமே?”

“என்னை எடுக்க மாட்டாங்க” என்றது தட்டு.

பொட்டலம் கை மாறியது. “நீங்க நல்லா இருக்கோணுமுங்க” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் டிரைவர். உள்ளே எரிந்த விளக்குகளையும் மேசையையும் ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு வந்த வழியே போனார். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஜன்னல் வழியாகத் தட்டுக்கு ரோடு தெரிந்தது. அவர் லாரிப் படியில் உட்கார்ந்து மடியில் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்தில் பேச ஆளில்லை. வேகமாகச் சாப்பிட்டார். முறுக்கு உடைந்த சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது. ஆனாலும் தட்டுக்குக் கேட்டது.

“வந்துட்டாரு! அவருதான்!” என்று தட்டு கத்தியது. “இன்னும் அங்கதான் இருக்காரு, போய்க் கூப்பிடுங்க!”

தட்டு கத்துவது மனுசர் காதில் விழாது. உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைக்கும்போது செலஸ்டினாவின் கைதான் அதன் மேல் பட்டது. விரல் பட்ட இடத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நல்ல காரியம் செய்த நிறைவில் இன்னும் இரண்டு வாய் கூடவே இறங்கியது. லாரி எப்போது கிளம்பியது என்று யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பெர்க்மான்ஸ் கைகூப்பிக் கண்ணை மூடினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“ஆண்டவரே, பதினோரு வருசமா உமக்குத் தட்டு வைக்கோம். இந்த வருசமும் நீர் வரலை. அடுத்த வருசமாவது வாரும்.”

“ஆமென்” என்றார்கள் எல்லோரும்.

மேசையில் பலகாரம் கொஞ்சம்தான் மிச்சம். மிஞ்சிக் கிடந்த ஒற்றைக் கொழுக்கட்டை தட்டின் பக்கம் மெதுவாகச் சாய்ந்து கேட்டது.

“அடுத்த வருசம் நெசமாவே வருவாரா?”

“வருவாரு” என்றது தட்டு. “அதுதான் பயமா இருக்கு.”