ஒரே வரியில் மாடசாமி

வெள்ளம் வந்த ஐந்தாம் நாள். பள்ளிக்கூடத்தின் மாடி மட்டும் நீருக்கு மேலே நின்றது. சுற்றிலும் மூடுபனி. நீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்தால் கட்டடமே மெல்ல மிதந்து போவது போலிருந்தது.

அங்கே மடிக்கணினிகளோடு இருவர் இருந்தார்கள். மென்பொருள் கற்பிக்கும் தில்லைநாயகி. அவரிடம் பாடம் கேட்கும் சாத்தப்பன். முகாம்கள், மருத்துவமனை, மீட்புப் படகுகள் ஆகிய மூன்றின் பெயர்ப்பட்டியல் தரவுத்தளங்களையும் அவர்கள் ஒன்றாக்க வேண்டும். காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பட்டியலைச் சேர்க்க இரண்டு ஃபிரேம்வொர்க் இருக்கு டீச்சர். எதை எடுக்கட்டும்?"

"உனக்கு எது பிடிச்சிருக்கு?"

"இதுதான். பேரும் வயசும் ஒத்துப்போனா ஒரே வரியாக்கிடுது. நொடியில முடிஞ்சிருச்சு."



பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. இசக்கியம்மாள் என்ற பெண் ஈரச் சேலையோடு படியேறி வந்தாள்.

"என் வீட்டுக்காரரு. மாடசாமி. அம்பத்திரண்டு வயசு."

சாத்தப்பன் தேடினான். ஒரே வரி வந்தது. படித்ததும் அவன் குரல் இறங்கியது.

"நேத்துக் காலையில... இறந்துட்டதா இருக்கும்மா."

அவள் அழவில்லை. அப்படியே நின்றாள்.

"யாரு சொன்னது, தம்பி?"

"இந்தப் பட்டியல்."

"பட்டியலுக்கு யாரு சொன்னது?"

சாத்தப்பன் திரையைப் பார்த்தான். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று அதில் இல்லை.

தில்லைநாயகி எழுந்து வந்து மூன்று பட்டியல்களையும் தனித்தனியே திறந்தார். மருத்துவமனையில் ஒரு மாடசாமி, நேற்று இறந்தவர். முகாமில் ஒரு மாடசாமி. இருவருக்கும் ஒரே வயது. முகாமின் வரியில் மட்டும் ஒரு குறிப்பு இருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்குக் காது எப்படிம்மா?"

"அவுகளுக்குக் கேக்காது. சின்ன வயசுலேருந்தே."

"மில் முகாம்ல இருக்கார். இன்னிக்குக் காலையில சாப்பிட்டிருக்கார்."

இசக்கியம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். பிறகு படகு அவளை ஏற்றிக்கொண்டு வெண்மைக்குள் போயிற்று. துடுப்பின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

சாத்தப்பன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான்.

"இன்னொரு ஃபிரேம்வொர்க், ஒவ்வொரு வரியும் எங்கேருந்து வந்ததுன்னு எழுதி வைக்கும் டீச்சர். சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கவும் செய்யலாம். ஆனா ரொம்ப மெதுவா ஓடும்."

தில்லைநாயகி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு மாடசாமியைத் தேடி இன்னும் யாரும் வரலை," என்றார். "அவங்க வர்றதுக்குள்ள அதுல மாத்தி முடிப்பியா?"