முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு

ஆல்பம் வந்த ஐந்தாம் நாள் சீடர் குருவைப் பார்க்கப் போனார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவ்வளவு கோபம். எனக்கும்தான். நான் அவர் பேண்டின் டிரம்மர், கூடவே போயிருந்தேன்.

சீடருக்கு முப்பத்தெட்டு வயது. ரூபன் அண்ணன், எங்கள் பாடகர். குரு கலைமதிக்கு இருபத்தொன்பது. திருவொற்றியூரில் ஒரு டயர் கடை மாடியில், தொண்டை கிழியாமல் அலறுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவர். எங்கள் இசையை போஸ்ட் ஹார்ட்கோர் என்பார்கள். பாதி அலறல், பாதி பாட்டு. வயது என்னவானாலும் எங்களுக்கு அவர் மாஸ்டர்.

ஆல்பத்தைக் கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மேடையில் கேட்டது எங்கே போச்சு என்றார்கள். ஒருத்தன் 'நல்ல முயற்சி' என்று எழுதியிருந்தான். கையில் கிடைத்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன்.

அண்ணனைக் கொளுத்தியது அது இல்லை. மூன்றாவது பாட்டு அவர் தம்பி சகாயத்தைப் பற்றியது. கம்பெனி டேங்கைக் கழுவ உள்ளே இறக்கிவிட்டார்கள், விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். மேடையில் அதைப் பாடியபோது அவர்கள் அம்மா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். ஆல்பத்தில் முழுசாகக் கேட்டுவிட்டு, நல்லா இருக்குப்பா, சாப்டியா என்றாராம்.

"நல்லா இருக்காம், மாஸ்டர்," என்றார் அண்ணன்.

ஸ்டூடியோக்காரன் கெடுத்துவிட்டான், பேண்டைக் கலைக்கப்போகிறேன், இனி வாயே திறக்கமாட்டேன் என்று கத்தித் தீர்த்தார். இவரும் வாயை மூடிக்கொண்டால் சகாயத்தின் பேரைச் சொல்ல இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அந்தக் கம்பெனியில் அவன் போட்டோகூடக் கிடையாது.

மாஸ்டர் பாட்டைப் போடச் சொன்னார்.

"பாட்டுல பாடுறவர் எப்ப மூச்சு வாங்குறாரோ, அப்ப மட்டும் நீங்க வாங்குங்க, அண்ணா."

பாட்டு ஓடியது. அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். நாற்பது நொடி. ஒரு நிமிடம். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்தது. என்னால் பார்க்க முடியவில்லை. போதும் மாஸ்டர் என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் வாயைப் பிளந்து காற்றை இழுத்தார். இழுத்த வேகத்தில் சுவரில் ஓங்கிக் குத்தினார்.

"இதுல மூச்சே இல்ல!"

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார்.

"மூச்ச யாரு எடுத்தது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் நாற்பது தடவை தனித்தனியாகப் பாடி, சுத்தமாக வந்ததை மட்டும் பொறுக்கி ஒட்டவைத்தவர் அண்ணன்தான். வேண்டாம் சார் என்று கெஞ்சியதே அந்த ஸ்டூடியோக்காரர்தான்.

"நான்தான்," என்றார் அண்ணன். "நடு நடுவுல இழுத்து இழுத்து வாங்குறது கேட்டுச்சு. அசிங்கமா இருந்துச்சு. வெட்டச் சொல்லிட்டேன்."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் முகத்திலும் கோபம் இருந்தது. நான் அதற்குமுன் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"டேங்குக்குள்ள இருந்து உங்க தம்பி கேட்டது அந்த மூச்சு ஒண்ணுதானே, அண்ணா?"