தானே வளர்ந்த வேகத்தடை

நாவல்தோப்புக்கும் ஏரிக்கரைக்கும் இடையே ஒரே ஒரு சாலை இருந்தது. அந்தச் சாலையில் காரி என்னும் கடமானும் மாறன் என்னும் காட்டெருதும் பயணிகளை முதுகில் ஏற்றிச் சென்று பிழைத்தார்கள். முயல்களும் அணில்களும் காட்டுக்கோழிகளும் அவர்களுடைய கழுத்திலிருந்து வால்வரை வரிசையாக அமர்ந்து பயணம் செய்தன.

அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கும் பயணியை யார் முதலில் ஏற்றுவது என்பதில் இருவருக்கும் ஓயாத போட்டி. மாறன் முந்தினால் காரி பள்ளத்தில் இறங்கியாவது அவனை முந்துவான். காரி முந்தினால் மாறன் புதரைப் பிளந்துகொண்டு வருவான். ஒரு நாள் ஆலமரத்து வளைவில் இருவரும் கொம்போடு கொம்பு மோதினார்கள். முதுகில் இருந்தவர்கள் உதறிய நெல்லிக்காய்களைப் போலச் சாலையெங்கும் சிதறினார்கள். கை கால் முறியாமல் எழுந்தவர் சிலரே.

செய்தி அரசர் சிங்கத்துக்கு எட்டியது. போக்குவரத்து ஆணையராகிய நெடுங்காலனார் என்னும் நாரையை அவர் வரவழைத்தார்.

"அந்த வளைவில் இனி ஒரு விபத்துகூட நிகழக் கூடாது."

"வேகத்தடை அமைத்துவிடுகிறேன், அரசே" என்றார் நாரையார்.

வேகத்தடைக்குக் கல் வேண்டும். கல்லைச் சுமக்க யானை வேண்டும். யானைக்குக் கரும்பு வேண்டும். கரும்பை யார் தருவது என்ற கவலையோடு நாரையார் வளைவுக்கு வந்தார். அங்கே புதரோரம் ஒரு மலைப்பாம்பு நீட்டிப் படுத்திருந்தது.

"ஏனப்பா, உனக்கு வேலை ஏதும் இல்லையா?"

"படுத்திருப்பதுதான் ஐயா என் வேலை."

"அதைச் சாலையின் குறுக்கே செய்தால் என்ன?"

பாம்பு சற்று யோசித்தது. "செய்யலாம், ஐயா. கூலி வேண்டாம். சாப்பாட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்."

நாரையார் மெய்சிலிர்த்துப் போனார். இத்தகைய தியாக உள்ளத்தை அவர் அரசுப் பணியில் அதுவரை கண்டதில்லை. அன்று மாலைக்குள் பாம்பு சாலையின் குறுக்கே கிடத்தப்பட்டது. அதன் முதுகில் வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டன.

திட்டம் உடனே பலன் தந்தது. வளைவை நெருங்கியதும் காரியும் மாறனும் நடையைத் தளர்த்திப் பாம்பின்மேல் மெல்ல ஏறி இறங்கினார்கள். மோதல் இல்லை, கீழே விழுவாரும் இல்லை. அவ்வாறு மெல்ல ஏறி இறங்கும் வேளையில் பாம்பு தலையைத் திருப்பி, வாலோரம் அமர்ந்திருந்த பயணியை ஓசையின்றி எடுத்து விழுங்கிக்கொண்டது. விழுங்க விழுங்க அதன் உடல் பருத்தது. உடல் பருக்கப் பருக்க வேகத்தடை உயர்ந்தது. உயர்ந்த தடையைக் கடக்க இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டியிருந்தது. பாம்புக்கு அவசரமே இல்லாமல் போயிற்று.

நாரையார் மாதந்தோறும் முரசறைந்து அறிவித்தார்: "ஆலமரத்து வளைவில் விபத்து ஏதும் இல்லை."

ஒரு நாள் காலை, செம்மூக்கன் என்னும் முயல் அருகம்புல் கொண்டுவர ஏரிக்கரைக்குப் புறப்பட்டான். தாமதமாக வந்ததால் அவனுக்கு வாலோர இடமே கிடைத்தது. பொழுது சாய்ந்தும் அவன் வீடு திரும்பவில்லை. அவன் மனைவி தும்பை நிறுத்தத்துக்கு ஓடினாள்.

"காரி அண்ணே, என் வீட்டுக்காரர் காலையில் உங்கள் முதுகில்தானே ஏறினார்?"

"ஏறினார்."

"எங்கே இறங்கினார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும், தங்கச்சி? ஓட்டுகிறவன் முன்னால் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்த விபத்துக்குப் பிறகு நான் சட்டத்தை மீறுவதே இல்லை."

"முதுகு இலேசானதுகூடவா தெரியவில்லை?"

"தெரிந்தது. அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் இலேசாகும். சாலையை நன்றாகச் செப்பனிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்."

தும்பை வளைவுக்கு விரைந்தாள். வேகத்தடையின் ஓரத்தில் புதிதாக ஒரு புடைப்பு தெரிந்தது. அந்தப் புடைப்பின் மேல்பக்கம், தோலுக்கு அடியில், இரண்டு நீண்ட காதுகள் மடங்கிக் கிடந்தன.

"அவரை வெளியே விடு" என்று கதறினாள்.

"மெதுவாகச் செல்லவும்" என்றது பாம்பு. பணி நேரத்தில் அது வேறெதுவும் பேசுவதில்லை.

மலைப்பாம்புக்கு இரை செரிக்கச் சில நாட்கள் ஆகும் என்பதைத் தும்பை அறிவாள். அந்த நாட்களுக்குள் கணவனை மீட்டாக வேண்டும். விடிந்ததும் அவள் நாரையாரின் அலுவலகத்தில் நின்றாள்.

"ஐயா, என் கணவரைச் சாலையில்..."

"மோதலா?"

"இல்லை, ஐயா. விழுங்கி..."

"வாகனம் கவிழ்ந்ததா?"

"இல்லை, ஐயா."

"அப்படியானால் விபத்து இல்லை. விழுங்குதல் உணவுத் துறையைச் சேர்ந்தது, அம்மா. அங்கே போய்க் கேளுங்கள்."

உணவுத் துறையில் ஒரு கரடி தேன் நக்கிக்கொண்டிருந்தது. "தட்டில் வைத்து உண்டிருந்தால் எங்கள் துறை. சாலையில் உண்டதெல்லாம் போக்குவரத்துத் துறை" என்று அது தும்பையைத் திருப்பி அனுப்பியது.

தும்பை மீண்டும் நாரையாரிடம் ஓடினாள். "ஐயா, பாம்புக்குச் செரிப்பதற்குள் நடவடிக்கை எடுங்கள்."

"பாம்பே அவசரப்படவில்லை, அம்மா. நீங்கள் ஏன் அவசரப்படுகிறீர்கள்?"

அலுவலக வாசலில் ஒரு காட்டுக்கோழி அமர்ந்திருந்தது. "நீயும் அந்த வளைவுக்காகத்தான் வந்தாயா?" என்று அது கேட்டது. "என் மகன் சென்ற மழைக்கு முன் ஏறினான். நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். வரும்போது அவனைக் கையோடு கூட்டிப்போகலாம் என்று இங்கேயே இருந்துவிட்டேன்."

தும்பையால் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

அவளுடைய நல்வினையோ, நாரையாரின் தற்பெருமையோ, மறுநாள் அரசர் அந்த வளைவுக்கு எழுந்தருளினார். விபத்தே நிகழாத சாலைக்குப் பாராட்டு விழா நடைபெற்றது. பாம்பின் கழுத்தில் மாலை சூட்டப்பட்டிருந்தது. காட்டிலுள்ள அனைவரும் கூடியிருந்தனர்.

அரசர் வேகத்தடையை அண்ணாந்து பார்த்தார். "முழங்கால் அளவு இருக்கும் என்றல்லவா கேள்விப்பட்டேன்?"

"தொடக்கத்தில் அவ்வளவுதான், அரசே. பிறகு தானே வளர்கிறது. அரசுக்கு ஒரு செலவும் இல்லை. தானே வளரும் வேகத்தடை வேறெந்தக் காட்டிலும் கிடையாது" என்றார் நாரையார். கூட்டம் கைதட்டியது. அவர்களுள் பலர் அன்று மாலை அதே சாலையில் வீடு திரும்ப வேண்டியவர்கள்.

தும்பை கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து முன்னால் வந்தாள்.

"அரசே, விபத்து எத்தனை என்று மாதந்தோறும் கேட்கிறீர்கள். நாவல்தோப்பில் ஏறியவர் எத்தனை பேர், ஏரிக்கரையில் இறங்கியவர் எத்தனை பேர் என்று ஒருமுறை கேளுங்கள்."

அரசர் நாரையாரை நோக்கினார். நாரையார் காரியை நோக்கினார். காரி சட்டப்படி முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். மாறன் புல்லைக் கடித்தான்.

அப்போது வேகத்தடையின் உள்ளிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் கேட்டது.

"ஏரிக்கரை வந்துவிட்டதா?"

தும்பை துள்ளி எழுந்தாள். "அவர்தான். அரசே, அவர்தான்."

நாரையார் தொண்டையைச் செருமினார். "அரசே, பயணம் இன்னும் நிறைவு பெறவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. நிறைவு பெறாத பயணத்தைக் குறை கூறுவது முறையாகாது."

"உள்ளே இருந்தபடியே ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்வார்கள் என்கிறீரா?"

"வழித்தடம் சற்று மாறியிருக்கிறது, அரசே. அவ்வளவுதான்."

அரசர் பாம்பின் வால்மீது தம் முன்னங்காலை வைத்து அழுத்தினார். "வாயைத் திற" என்றார்.

பாம்பு வாயைத் திறந்தது. முதலில் இரண்டு அணில்கள் வந்தன. "கால் நீட்ட இடமில்லை என்று அப்போதே சொன்னேன்" என்று ஒன்றையொன்று கடிந்துகொண்டே வந்தன. பின்னர் ஒரு கீரி, அதன் பின்னர் ஒரு கௌதாரி. இறுதியாகச் செம்மூக்கன் காதுகள் துவள வெளியே விழுந்தான். கண்ணைக் கசக்கியபடி, "இன்றைக்கு ஏன் இவ்வளவு தாமதம்?" என்றான். தும்பை அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காட்டுக்கோழி பாம்பின் வாயருகே வந்து நின்றது. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது.

"இன்னும் ஒருவன் இருக்கிறான். சின்னக் கொண்டை. கூப்பிட்டால் உடனே வந்துவிடுவான்."

வேறு எவரும் வரவில்லை. ஆயினும் வேகத்தடை பழைய அளவுக்குத் தணியவுமில்லை. பாம்பு முதன்முறையாகத் தலையைத் தாழ்த்தியது.

"சும்மா வளர முடியுமா, அம்மா?" என்றது.

அரசர் பாம்பைக் காட்டைவிட்டுத் துரத்தினார். யானைகளுக்குக் கரும்பு தந்து கல்லால் வேகத்தடை அமைக்கச் செய்தார். நாரையார் தினமும் மாலையில் ஏரிக்கரை நிறுத்தத்தில் நின்று, புறப்பட்டவர் அனைவரும் இறங்கிவிட்டனரா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும் என அரசர் ஆணையிட்டார். நாரையாரும் கேட்கிறார். அவர் கேட்கும்போதெல்லாம், அந்த நிறுத்தத்தின் ஓரத்தில் நிற்கும் காட்டுக்கோழி, "இல்லை, ஐயா" என்று விடை சொல்கிறது.

சாலையில் விழுந்தவரை மட்டும் எண்ணி, விபத்தில்லை என்று முரசறைவது கண்காணிப்பு ஆகாது. புறப்பட்ட ஒவ்வோர் உயிரும் நலமாக வீடு சேர்ந்ததா என்று நாள்தோறும் கேட்பதே கண்காணிப்பு ஆகும்.