கரிச்சான் நிறுத்திய ஆட்டம்

மிளகி ஒரு சருகுமான். மான் என்றதும் அண்ணாந்து பார்த்துவிடாதீர்கள், சருகுமானைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். முயல் உயரத்துக்கு மேல் அது வளராது. அதிலும் மிளகி அந்த இனத்திலேயே பொடிசு. காய்ந்த இலைக்குள் புகுந்துகொண்டால் பெற்றவளே தேடிக் களைத்துப் போவாள்.

அவளுக்கு இரண்டு தோழர்கள். ஒருவன் துள்ளன் என்கிற முயல். இன்னொருத்தி செவந்தி என்கிற மலையணில். இருவரும் வருஷா வருஷம் குளத்தங்கரை ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்து, பத்து நாளைக்கு வேறு பேச்சே பேசமாட்டார்கள். மிளகி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த வருஷம் தாங்க முடியவில்லை.

"நானும் வரேன்," என்றாள்.

"வா. ஆனா சருகுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு பார்க்கக் கூடாது. நடுவுல நின்னு ஆடணும்," என்றாள் செவந்தி.

அது என்ன ஆட்டம் என்கிறீர்களா? பட்டணத்தில் ஸ்பீக்கரை மலை மாதிரி அடுக்கி, டி.ஜே. ஒருவர் பாட்டோடு பாட்டைக் கலந்துவிட, ஆயிரம் பேர் குதிக்கிறார்களே, அதேதான். கோடை முடிந்து முதல் மழைமேகம் மலையுச்சியில் வந்து உட்காரும் சாயங்காலம், குளத்தங்கரை மருதமரத்தடியில் காடே கூடும். மரத்தின் மேல் கரிச்சான் குருவி உட்கார்ந்திருப்பான். மேனியெல்லாம் கறுப்பு, வாலில் இரண்டு நீள இறகு.

அவன் தொண்டைக்குள் இந்தக் காட்டுக் குரல் எல்லாமே இருக்கும். மயிலின் அகவலை எடுப்பான், அதை இரண்டாக வெட்டுவான், மந்தியின் கூப்பாட்டை அதன் மேல் ஏற்றுவான். கீழே தவளைகள் அடித்தொண்டையில் பிடித்துக்கொள்ளும். பட்டமரத்தில் மரங்கொத்திகள் தாளம் போடும். மின்மினிகள் அந்தத் தாளத்துக்கு விட்டு விட்டு எரியும்.

போகிற வழியில் துள்ளன் ஒன்று சொல்லிவைத்தான்.

"மிளகி, நல்லா கேட்டுக்கோ. கடைசியில சில்வண்டுங்க எல்லாம் சேர்ந்து குரலை ஏத்திக்கிட்டே போகும். உச்சிக்குப் போனதும் கரிச்சான் அண்ணன் சிறகை விரிப்பாரு. அப்ப காடே ஊமையாயிடும். அந்த நேரத்துல மூச்சுக்கூட சத்தமா விடக் கூடாது."

"அப்புறம்?"

"சிறகை மடக்குவாரு. மரங்கொத்தி அத்தனையும் ஒரே நேரத்துல ஒரு அடி அடிக்கும் பாரு! எல்லாரும் ஒண்ணா எகிறிக் குதிப்போம். அந்த ஒரு அடிக்காகத்தான் வருஷம் பூரா காத்துக் கிடக்கறோம். சில்வண்டுங்களால அவ்ளோ உசரத்துக்கு வருஷத்துல ஒரு தடவைதான் ஏற முடியும். போன வருஷம் ஒரு காட்டுப்பன்னி நடுவுல தும்மிடுச்சு. பாவம், இன்னிக்கு வரைக்கும் அதுக்குத் தும்மல்னுதான் பேரு."

மிளகி பயபக்தியோடு தலையாட்டினாள்.

கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். முதலில் அவள் திருதிருவென்று முழித்தாள். பிறகு தாளம் தரை வழியாகக் குளம்புக்குள் ஏறியது. கால் தானாக ஆட ஆரம்பித்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடி ஒளிவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையே என்று இருந்தது. மேலே கரிச்சான் தன் குரலையே துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அப்பப்பா, என்ன வித்தை அது. இவ்வளவு அழகு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறதே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

செவந்தி கிளைக்குத் தாவிவிட்டாள். துள்ளன் குதித்துக் குதித்து முன்வரிசைக்கே போய்விட்டான். மிளகி தனியாக நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

சில்வண்டுகளின் குரல் ஏற ஆரம்பித்தது. கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் வந்தது. மிளகிக்கு ஒரு பக்கம் கடம்பை மான் ஒன்று. இன்னொரு பக்கம் மேடு மாதிரி ஒரு காட்டெருமை. இரண்டும் மரத்தை அண்ணாந்து பார்த்தபடியே நெருங்கின. மிளகியின் விலா நசுங்கியது. "கொஞ்சம் நகருங்க," என்றாள். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? கால் மடங்கிக் கீழே விழுந்தாள். தலைக்கு மேலே காட்டெருமையின் வயிறு. பக்கத்தில் அதன் குளம்பு.

கரிச்சான் சிறகை விரித்தான். காடு ஊமையாயிற்று.

'இன்னும் கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கொள்வோம்,' என்று நினைத்தாள் மிளகி. உடனே துள்ளன் சொன்னது ஞாபகம் வந்தது. அடி விழுந்தால் எல்லாரும் குதிப்பார்கள். இந்தக் காட்டெருமையும் குதிக்கும். குதித்தது எங்கே வந்து இறங்கும்?

இப்போது சத்தம் போட்டால் கேட்கும். ஆனால் எல்லாருடைய வருஷமும் பாழாகும். தோழர்களுக்கும் தலைகுனிவு. அந்த அடியைக் கேட்க அவளுக்கும்தான் ஆசை, கொள்ளை ஆசை. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. பின்னங்கால் ஒன்றுதான் சும்மா இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைக்கொண்டு தரையைத் தட்டினாள். டக டக டக. ஆபத்து என்றால் சருகுமான்கள் இப்படித்தான் தட்டும்.

மரங்கொத்திகள் அலகை ஓங்கிவிட்டன. கரிச்சான் சிறகை மடக்க வேண்டியதுதான் பாக்கி. காடே அவன் காலடியில் கிடந்தது.

அவன் மடக்கவில்லை.

"யாரும் அடிக்காதீங்க," என்றான்.

கூட்டம் கொதித்தது. "எவன்டா அது தட்டினது? பிடிச்சு வெளியே தள்ளுங்கடா!" "நீ ஏன் நிறுத்தின? சிறகை மடக்கு!" என்று நாலு பக்கமும் கூச்சல்.

கரிச்சான் தட்டல் சத்தம் வந்த திசையில் சர்ரென்று இறங்கி, காட்டெருமையின் கொம்பில் உட்கார்ந்தான்.

"அண்ணே, காலைத் தூக்காம மெதுவா குனிஞ்சு பாருங்க."

காட்டெருமை குனிந்து பார்த்தது. அதன் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, தாயி, நான் பார்க்கலையே," என்றது. கடம்பை மான் அலறிக்கொண்டு விலகியது. ஒருவர் நகர, அடுத்தவர் நகர, கடைசி வரிசை வரைக்கும் கூட்டம் பின்வாங்கியது. வாய்கிழியக் கத்தியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

துள்ளன் அழுதுகொண்டே ஓடிவந்தான். செவந்தி மரத்திலிருந்து விழாத குறையாக இறங்கினாள்.

மிளகி இரண்டு மூச்சு இழுத்தாள். முதலில் கேட்டது இதைத்தான்: "அடி விழலையா? நான் கெடுத்துட்டேனா அண்ணே?"

"தட்டாம இருந்திருந்தாதான் கெடுத்திருப்பே," என்றான் கரிச்சான். "நான் அடிக்கச் சொல்ற அடியில ஒரு உசிரு போயிருந்தா, அப்புறம் இந்த மரத்துல நான் எப்படி உட்காருவேன்?"

சில்வண்டுகளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. மேகமும் அதற்கு மேல் காத்திருக்கவில்லை, சோவென்று கொட்டியது. "இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான். சின்னதுகளை முன்னால விட்டு நடங்க," என்று சொல்லிவிட்டுக் கரிச்சான் இலைக்குள் ஒதுங்கினான். மழைக்கு ஓடவேண்டிய கூட்டம் ஓடவில்லை. அவன் இருந்த கிளையைப் பார்த்தபடி நனைந்துகொண்டே நின்றது.

மறுநாள் காலையில், ஆட்டத்துக்கு வராத ஆமை கேட்டது: "அடி எப்படி இருந்துச்சு?"

"விழவே இல்லை," என்றது காட்டெருமை. "ஆனா நேத்து மாதிரி ஒரு ஆட்டம் நான் பார்த்ததே இல்லை."

காடே கைதட்டக் காத்திருக்கும் நேரத்திலும், கூட்டத்தின் காலடியில் கிடக்கும் எளியவரின் குரலைக் கேட்டுத் தன் ஆட்டத்தை நிறுத்துகிறவரே பெரிய கலைஞர்.