அடிக்கிற மணிக்குப் பணம் கிடையாது

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். இந்தக் கதையில் ஒரு மணி ஒழுங்காக அடிக்கிறது. அது ஒழுங்காக அடிப்பதுதான் தொல்லையே.

உப்பளங்களை ஒட்டிச் செங்காட்டுவிளை என்று ஓர் ஊர். ஊருக்கும் உப்பளத்துக்கும் குறுக்கே சரக்கு ரயில் மட்டும் போகிற ஒற்றைத் தண்டவாளம். அங்கே கேட்டும் கிடையாது, கேட் கீப்பரும் கிடையாது. ஒரு கம்பம், அதில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு மணி, கம்பத்தடியில் ஓர் இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். ரயில் நெருங்கினால் விளக்கு மினுக்கும், மணி அடிக்கும். வளைவில் உடைமரம் மண்டிக் கிடப்பதால் ரயில் கண்ணுக்குத் தெரியாது. மணியை நம்பித்தான் கடக்க வேண்டும். சரக்கு ரயிலுக்கு நேரம் காலமும் கிடையாது.

இந்த மாதிரிக் கருவிகளைப் பராமரிக்க வருடாவருடம் பொதுநிதியில் பணம் ஒதுக்குகிறார்கள். அது எந்த ஊருக்குப் போகும் என்பது ஆய்வாளர் அமலோற்பவம் நிரப்பும் படிவத்தைப் பொறுத்தது. பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை அவள். அதனால் ஆபீஸில் யாருக்கும் அவளைப் பிடிக்காது, சில நாள் அவளுக்கே பிடிக்காது. படிவத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எண் அச்சாகியிருக்கும். சாமான் மேலும் அதே எண்ணைக் குத்தியிருப்பார்கள். எதிரே ‘இயங்குகிறது’, ‘இயங்கவில்லை’ என்று இரண்டே கட்டம். இயங்காததற்குத்தான் பணம். இயங்குகிறதா, ஒரு பைசா பெயராது.

மூன்று வருடமாக அவள் வரும்போதெல்லாம் மணி கணீரென்று அடித்துத் தொலைத்தது. ஒரு தடவை மனம் கேட்காமல், ‘எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும்’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள். படிவத்தில் ஜோசியம் எழுத வேண்டாம் என்று பதில் வந்தது.

மணி அடிப்பதற்குக் காரணம் காதர் மொய்தீன். தண்டவாளத்துக்கு நூறடி தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் மணி ஊமையாகிக் கிடந்த ஒரு காலையில் பதினோரு ஆடுகள் அடிபட்டுச் செத்தன. ஆடுகளுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூட வேன் வந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர் அவர். அன்றைக்கே ஒரு டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தார். அடுத்த மழையில் ரிலே போனது, கடையில் இருந்த ரிலேயைப் போட்டார். அப்புறம் ஒயர், விளக்கு, தண்டவாளத்தை ஒட்டிய சுவிட்ச். போன வருடம் மணியே விரிசல் விட்டுவிட, மூடிப்போன தீப்பெட்டிக் கம்பெனி மணியை விலைக்கு வாங்கி மாட்டினார். அரசாங்கச் சாமானை வீசக் கூடாதென்று, கழற்றியதை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கடை மூலையில் வைத்திருந்தார்.

இந்த வருடம் சாலையை அகலப்படுத்த அவர் கடையை இடிக்கப் போகிறார்கள். பெருநாள் கழிந்ததும் அவரும் மகள் இருக்கிற ஊருக்கே குடிபோய்விடுவார். அதற்குப் பிறகு மணி நின்றால் ஏனென்று கேட்க ஆளில்லை. புதுக் கருவி வந்தாக வேண்டும்.

அமலோற்பவம் வந்து இறங்கியதும் பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் ஓடி வந்தார். “ஒயர ஒரு கால் மணி நேரம் உருவி வச்சிருவோம்மா. நீங்க எழுதிட்டுப் போங்க, பொறவு மாட்டிக்கிடுதோம்.”

காதர் மொய்தீன் குறுக்கே நின்றுகொண்டார். “அந்தக் கால் மணி நேரத்துல வண்டி வராதுன்னு ஒங்களுக்கு எவனாவது எழுதிக் குடுத்திருக்கானா?”

அவரிடமும் ஒரு யோசனை இருந்தது. மணி அடித்தால் அடிக்கட்டும், அடிக்கவில்லை என்று எழுதிவிடுங்கள் என்றார். அமலோற்பவத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மேலிருந்து சோதனைக்கு வருகிறவன் காதில் மணி விழுந்தால் தன் வேலை போவது ஒரு பக்கம், இந்த ஊரின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று சொன்னாள். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போகலாம். அடுத்த வருடம் வேனையும் ஆட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். யோசிக்க யோசிக்க அழுகைதான் வந்தது.

மூவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. உப்பளத்துப் பெண்களை ஏற்றி வந்த லோடு ஆட்டோ நின்றது. வளைவிலிருந்து சரக்கு ரயில் திடுமென வெளிப்பட்டுக் கடந்து போனது. ஒயரைத் தொட வேண்டாம் என்று தலைவரே சொல்லிவிட்டார்.

அமலோற்பவம் இரும்புப் பெட்டியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு மணியை அண்ணாந்து பார்த்தாள்.

“பாய், அந்தச் சாக்கக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க” என்றாள்.

கால் மணி நேரத்தில் படிவம் நிரம்பியது. மணியை யாரும் நிறுத்தவில்லை. படிவத்தில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. அப்படியும் மேலிடத்தால் பணம் தர மறுக்க முடியவில்லை.

கேட்டவர்களே, மூன்று வருடமாக முடியாதது அன்றைக்கு எப்படி முடிந்தது? படிவத்தில் அவள் என்ன எழுதினாள்?

விடை: படிவம் கேட்டது எண் குத்திய அரசாங்கச் சாமான்களைப் பற்றி. பெட்டிக்குள்ளும் கம்பத்திலும் எண் குத்திய சாமான் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாக்கில் செத்துக் கிடந்தன. ஒவ்வோர் எண்ணாகப் படித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கு எதிரிலும் ‘இயங்கவில்லை’ என்று எழுதினாள். கம்பத்தில் அடிப்பது காதர் மொய்தீனின் சொந்த மணி என்பதையும் கீழே தெளிவாகக் குறித்தாள். பணம் ஒதுக்கியாயிற்று என்று கடிதம் வந்தது. கூடவே அவள் மூலம் சேர்ப்பிக்கச் சொல்லி இன்னொரு கடிதம், காதர் மொய்தீனுக்கு: அனுமதியின்றிப் பொருத்திய மணியை ஏழு நாளைக்குள் அகற்ற வேண்டும். புதுக் கருவி வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்று முதல் கடிதத்திலேயே இருந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அமலோற்பவம் ஓர் அரசாங்கக் கடிதத்தைத் தாமதப்படுத்தினாள். புது மணி அடித்ததைத் தன் காதால் கேட்ட பிறகுதான், மகள் ஊரில் இருந்த பாய்க்கு அதைத் தபாலில் சேர்த்தாள்.