ஏழு சந்தைக்கு ஒரு படி

ஒரு காலத்தில் ஓர் ஆற்றோரம் ஏழு சந்தைகள் இருந்தன. சந்தைக்கு ஒன்றாக ஏழு படிகள் நெல் அளந்தன. அந்த ஏழையும் ஆண்டது, கப்பலில் வந்து இறங்கிய ஓர் இரும்பு மரக்கால்.

மரக்காலின் யோக்கியதை ஊருக்கே தெரியும். நெல்லை வாங்கும்போது கோபுரமாகக் குவித்து வாங்கும். கொடுக்கும்போது கோலால் தலைதட்டிக் கொடுக்கும். கேட்டால், "ரெண்டுக்கும் ஒரே மரக்கால்தானே?" என்று நியாயம் பேசும்.

ஏந்தலூர்ச் சந்தைப் படிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. பித்தளைப் பூண் போட்ட ஒல்லிப் படி அவள். வேலை முடிந்ததும் அவள் வயிற்றுக்குள் ஓர் உழக்கு வந்து படுத்துக்கொள்வான். சரியான வாயாடி.

"அக்கா, அளக்க மாட்டேன்னு சொன்னா அந்த இரும்பு என்ன பண்ணும்?"

"நசுக்கிடும்."

"ஏழு பேரும் சேர்ந்து சொன்னா?"

ஏழு பேரும் சொன்னார்கள். அந்த அறுவடைக்கு எந்தப் படியும் மரக்காலுக்கு ஒரு மணி அளக்கவில்லை. அடி விழுந்தது, பூண்கள் நெளிந்தன, ஆனால் யாரும் இறங்கி வரவில்லை. வெறும் வயிற்றோடு துருப்பிடித்துப்போன மரக்கால் கடைசியில் வந்த வழியே கப்பல் ஏறியது. சந்தைகள் கூத்தாடின. அந்தக் கூத்து ஒரு போகம் தாங்கியது.

அடுத்த போகத்தில் மலையடிச் சந்தைப் பக்கம் மழை பொய்த்தது. ஆற்றுமுகச் சந்தை படகு நிறைய நெல் அனுப்பியது. அனுப்பியவர்கள் தலைதட்டி அளந்தார்கள். இறக்க வந்தவர்கள் படகிலேயே தங்கள் ஊர் வழக்கப்படி குவித்து அளந்தார்கள். கணக்கு இடித்தது.

"திருடிட்டீங்க!" என்றது மலையடிப் படி.

"பஞ்சத்துலயும் பேராசையா?" என்றது ஆற்றுமுகப் படி.

இரண்டும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. வழக்கு தீர்வதற்குள் நெல் படகிலேயே நனைந்து முளைவிட்டது. மலையடியில் குழந்தைகள் பசியோடு படுத்தார்கள். இத்தனைக்கும் மரக்கால் அப்போது நடுக்கடல் தாண்டிப் போயிருந்தது. பழிபோட ஆள் இல்லை.

பிறகுதான் ஏழு படிகளும் ஒரு கொட்டகையில் கூடின. தராசு தலைமை தாங்கியது. நாள் கணக்கில் கத்தினார்கள், கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள், திரும்பி வந்தார்கள். முடிவில் ஒரு சட்டம் பிறந்தது. ஏழு சந்தைக்கும் ஒரே அளவு. எங்கும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். ஒரு படியைப் பொதுவில் வைத்து, வருஷம் ஒருமுறை அதில் தண்ணீர் நிரப்பி மற்ற படிகளிலும் உழக்குகளிலும் ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். பெரிய சந்தைப் படிகளை யாரும் நம்பவில்லை. ஏந்தலூர்ப் படியிடம் யாருக்கும் பகை இல்லை. அவளையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தராசு மெதுவாக மீதியையும் சொன்னது.

"பொதுப் படி இனிமே நெல்லைத் தொடக்கூடாதும்மா. நெல்லு உரசினா விளிம்பு தேயும். நீ தேய்ஞ்சா எல்லா ஊரும் தேயும்."

"சந்தை நாள்ல மட்டும்?"

"என்னிக்கும் கூடாது."

"இவன்?" உழக்கைக் காட்டினாள்.

"உள்ள எதுவுமே இருக்கக் கூடாது."

மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். படகில் முளைவிட்ட நெல் நினைவுக்கு வந்தது. சரி என்றாள்.

கண்ணாடி அலமாரிக்குள் அவளை வைத்துப் பூட்டினார்கள். சந்தைக் கூச்சல் கண்ணாடிவரை வந்து நின்றுவிடும். பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். கேலி செய்ய ஒருவர்கூட இல்லை. ஏழு சந்தையும் அவள் பெயரைச் சொல்லித்தான் வியாபாரம் செய்தன. அவளிடம் பேசத்தான் ஆள் இல்லை. பல நாள் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. உள்ளே ஈரம் படக்கூடாதே என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

சரிபார்க்கும் நாள் வந்தது. பூட்டைத் திறந்து அவளை மேசைமேல் வைத்தார்கள். வரிசையில் முதல் ஆளாக உழக்கு நின்றான்.

"அக்கா, இளைச்சுட்டியே!"

"நான் இளைக்கக் கூடாதுடா. சட்டத்துல இடமில்ல."

இருவரும் சிரித்தார்கள். சரிபார்க்கிறவர்கள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார்கள். உழக்கு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள்மேல் சாய்ந்தான். அவன் பூணிடுக்கிலிருந்து ஒரு நெல் நழுவி அவள் வயிற்றுக்குள் விழுந்தது.

"நம்ம ஊரு புது நெல்லு. யாருக்கும் தெரியாது. வச்சுக்கோ."

வைக்கோல் வாசனையும் களத்து மண் வாசனையும் அவளுக்குள் எழுந்தன. எத்தனை நாளாயிற்று! அந்த ஒரு மணியைச் சுற்றி உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். அவனுக்குப் பின்னால் ஏழு சந்தையின் படிகளும் உழக்குகளும் வாசல்வரை நின்றன.

அவள் சட்டென்று தலைகுப்புறக் கவிழ்ந்தாள். நெல் மேசையில் உருண்டது.

உழக்கின் முகம் சுருங்கிப் போயிற்று. "ஒரே ஒரு நெல்லுக்கா! உனக்குன்னுதானே அக்கா கொண்டாந்தேன்? இதுல யாருக்கு என்ன குறைஞ்சுடும்?"

"இது எனக்குள்ள இருந்தா, ஊத்துற தண்ணி அவ்வளவு குறையும். எல்லாச் சந்தையிலயும் அளக்குற ஒவ்வொரு படிக்கும் ஒரு நெல்லு குறையும்டா."

அவள் நிமிர்ந்து, தனக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒன்றுமே இல்லை.

"தண்ணி கொண்டாரச் சொல்லு," என்றாள். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."