காத்தமுத்துவின் பெருவிரலும் முடியாத ஆட்டமும்

கொழுமணிப்பட்டி கபடிக் குழுவில் ஏழு பேர். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மேல்மாடி மட்டும்தான் காலி. தலைவர் காத்தமுத்துவுக்குக் காலில் ஆபரேஷன் நடந்து, புண் ஆறியும் பெருவிரல் மரத்தே கிடந்தது.

"விளையாடலாம். ஆனா அந்த விரல்ல எது பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. விரலைப் பார்த்துப் பார்த்துக் காலை வைங்க. கூட இருக்கிறவங்களும் அப்பப்பப் பார்த்துக்கணும்" என்றார் டாக்டர். ஏழு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

போட்டிக்குப் பரிசு ஒரு கிடாய். வருஷாவருஷம் மேலப்பட்டிக்காரர்கள் அதை ஓட்டிப்போய்ச் சமைப்பார்கள். அந்த வாசனையில் நம் ஆட்கள் ரசம் சாப்பிடுவார்கள். பெரிய கொடுமை அது. இந்த முறை தைரியமாக மசாலாவே அரைத்து வைத்திருந்தார்கள்.

இறுதி ஆட்டம் சரிசமம். ஒரு புள்ளி எடுத்தால் கிடாய். காத்தமுத்து குனிந்து தன் விரலையே பார்த்துக்கொண்டு பாடிப் போனார். நல்ல நேரம், விரல் ஒருவன் முழங்காலில் பட்டது. அவனே ஒப்புக்கொண்டு வெளியேறினான். காத்தமுத்துவோ, விரலுக்குத் தெரியாத புள்ளி தனக்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு இன்னும் உள்ளே போனார். அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாத மனுஷன்.

அதற்குள் விரலைப் பார்க்கும் நேரம் வந்துவிட, மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டைத் தாண்டிப்போய்ச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆறு பேரும் அவுட். அந்தக் கூட்டத்தில் மேலப்பட்டிக்காரன் ஒருவன் கையை நுழைத்து, அதே பெருவிரலைப் பிடித்துக்கொண்டான். திரும்பக் கிளம்பிய காத்தமுத்து, நடுக்கோடு ஏன் கிட்டே வரமாட்டேன் என்கிறது என்று யோசித்தபடியே குப்புற விழுந்து பாட்டை விட்டார். நடுவர் விசில் ஊதினார்.

"அண்ணே, பிடிச்சது தெரிஞ்சுதா?" என்று கேட்டான் அந்த ஆறு பேரில் ஒருவனான ஒச்சப்பன்.

"தெரியலடா."

"தெரியாத பிடிக்கு எப்படிங்க அவுட்டு?" என்று அவன் நடுவரிடம் போனான்.

சங்கிலிதான் அவர்களில் நிதானமானவன். "அவுட்டே இல்லன்னும் சொல்ல முடியாதுப்பா. விரலுக்கு உணர்ச்சி வரட்டும், அதையே கேட்டுக்குவோம். அதுவரைக்கும் ஆட்டம் நடக்குதுன்னு வச்சுக்குவோம்" என்றான்.

நடுவர் வீட்டுக்குப் போனார். மேலப்பட்டியில் கிடாய் வெந்தது. இவர்கள் காத்தமுத்துவைக் கிடந்த இடத்திலிருந்து எழவிடாமல், மேலே பந்தல் போட்டு, வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். தினமும் காலையில் விரலைக் கிள்ளுவார்கள். அவர் தெரியவில்லை என்றதும் கைதட்டிவிட்டுப் போவார்கள்.

மாசங்கள் போய், ஒரு நாள் கிள்ளியபோது காத்தமுத்து காலை இழுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"வலிக்குதுடா" என்றார்.

தோற்றது தோற்றதுதான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏழு பேரும் மேலப்பட்டிக்கு நடந்தார்கள்.

"நீங்கதாங்க ஜெயிச்சீங்க" என்றார் காத்தமுத்து. "இனிமே தாராளமா கிடாயை வெட்டிக்கங்க."